கையும் செவியும் செய்யும் பரீட்சை



ஹைதராபாத்தின் வடகிழக்குப் பகுதியில், 1967ஆம் ஆண்டில் இ.சி.ஐ.எல். என்னும் மின்னணு நிறுவனம் தோன்றக் காரணமாயிருந்த விஞ்ஞானி டாக்டர் ஐயகாரி சாம்பசிவ ராவ் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது ஏ.எஸ்.ராவ் நகர். இங்கிருந்து அதிக தூரமில்லாத அணு எரிபொருள் வளாகத்தில், உலோகக் குழாய்களுக்குள் மறைந்திருக்கும் நுண்ணிய பிளவுகளைச் செவிக்கெட்டாத ஒலியலைகளைச் செலுத்திக் கண்டுபிடிக்கிறார்கள். அத்தகைய யந்திரம் எதுவுமின்றி, கைகளையும் செவிகளையும் மட்டுமே துணையாகக் கொண்டு, ஒரு சைக்கிளின் முன்பாகத்தில் ஒளிந்திருக்கும் குற்றத்தைக் கண்டறியும் கலையொன்று உண்டு. அதைப் பற்றி இன்று சிறிது நேரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஹேண்டில் திரும்புகிற கழுத்துக் குழாயின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் பால்ரஸ் குண்டுகள் அடங்கிய இரண்டு பேரிங்குகள் இருக்கின்றன. அவற்றையும் அவை அமரும் கப்புகளையும் சேர்த்து ஹெட்செட் என்கிறோம். முன்சக்கரத்தை இருபுறமும் பற்றியிருக்கும் ஃபோர்க்கின் தண்டு, அந்தக் குழாயின் ஊடே மேலேறி ஹேண்டிலோடு இணைகிறது. பள்ளத்தில் இறங்கும் சக்கரத்தின் அதிர்ச்சியும், முன்பிரேக்கின் இழுப்பும் ஃபோர்க்கின் வழியே ஏறி ஹெட்செட்டில் வந்து முட்டுகின்றன. இரண்டும் இவ்வளவு நெருங்கி உறவாடுவதாலேயே ஒன்றின் நோய் மற்றொன்றின் நோயாகத் தோற்றமளிக்கிறது. ஹெட்செட்டின் நோய் எளிதில் தீரக்கூடிய தேய்மானம். ஃபோர்க்கின் நோயோ, ஓடும் வண்டியில் ஒரே கணத்தில் முறிந்து ஆளைத் தரையில் வீழ்த்தக்கூடிய ஆபத்து. இவ்விரண்டையும் பிரித்தறியும் விவேகமே இந்தக் கலையின் உயிர்நாடி.

முதலில் ஹெட்செட்டைப் பார்ப்போம். முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால், ஹெட்செட் தளர்ந்திருக்கும் வண்டியில் 'டக் டக்' என்று ஓர் ஆட்டம் கைக்குத் தட்டுப்படும். இது பலரும் அறிந்ததே. ஆனால் இதோடு நின்றுவிடுகிறவனுடைய பரீட்சை அரைப் பரீட்சைதான். பிரேக் கட்டையின் ஆட்டமும், சக்கர அச்சின் ஆட்டமும் அதே கைக்கு அதே உணர்ச்சியைத் தரக்கூடும் அல்லவா? ஆகையால் தேர்ந்த மெக்கானிக், கழுத்துக் குழாயும் ஃபோர்க்கும் சந்திக்கும் விளிம்பைச் சுற்றி விரல்களை வைத்து, அசைவு அந்த இடத்திலேயேதான் நிகழ்கிறதா என்று உணர்ந்து பார்ப்பார். பின்பு சக்கரத்தைக் குறுக்காகத் திருப்பி நிறுத்தி, பிரேக்கைத் தொடாமலே மீண்டும் அசைப்பார். அதன் பிறகு சக்கரத்தைத் தனியே பக்கவாட்டில் ஆட்டி, அச்சின்மேல் உள்ள சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்வார். சந்தேகத்திற்குரியவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சியதன்மேல் மட்டுமே குற்றம் சாட்டும் இந்த நிதானம், வழக்கு விசாரிக்கிற நீதிபதிக்கு இருக்க வேண்டிய நிதானத்திற்குக் குறைந்ததன்று.

அடுத்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை இடமும் வலமும் தானே விழும்படி விட வேண்டும். அது தங்குதடையின்றி விழுந்தால் நலம். கரகரப்போடு நகர்ந்தால் உள்ளே புழுதியோ துருவோ புகுந்திருக்கிறது என்று பொருள். சக்கரத்திலிருந்து தெறிக்கும் நீரும் மண்ணும் நேரே சென்று சேருவதால், மழைக்காலத்திற்குப் பின் கீழ்ப் பேரிங்குதான் முதலில் கெடும். நேராக நிற்கும் நிலையில் மட்டும் ஒரு குழியில் விழுந்தது போல் ஹேண்டில் 'கிளிக்' என்று நின்றுவிட்டால், குண்டுகள் ஓடும் பாதையிலேயே தழும்புகள் விழுந்துவிட்டன என்று அறியலாம். ரஸ்தாவின் பள்ளங்கள் சம்மட்டி போல் அடித்ததால் வந்த வினை இது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், குண்டுகள் முழுச் சுற்று உருளாமல் ஒரே இடத்தில் ஓயாது நுண்ணிதாக அசைந்து, கிரீஸ் விலகி, உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்வதே முதன்மையான காரணம் என்பது நுட்பமறிந்தவர்களின் அபிப்பிராயம். இந்தத் தழும்பை முறுக்கியோ தளர்த்தியோ ஆற்ற முடியாது; பேரிங்கை மாற்றுவதே சிகிச்சை.

இனி ஃபோர்க். 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் செய்து அனுப்பிய ஹெர்குலிஸ் வண்டிகளின் எஃகு ஃபோர்க், அடிபட்டால் முதலில் வளைந்து தன் துன்பத்தை வெளியே காட்டியது. இப்போது விலையுயர்ந்த வண்டிகளில் வரும் ஃபோர்க், கார்பன் இழைகளை அடுக்கடுக்காக வைத்துப் பிசினால் இறுக்கிச் செய்தது. இந்தக் குடும்பத்துப் பொருள்கள் ஹைதராபாத்துக்குப் புதியவை அல்ல. அக்னி ஏவுகணையின் முகப்பு வெப்பத்தைத் தாங்குவதற்குக் கார்பன் கலவைப் பொருளை ஆக்கிய காலத்தில் இந்நகரில் பணியாற்றிய அப்துல் கலாம் அவர்கள், லேசான பொருள்களைப் பற்றிய அந்த ஞானத்தைக் கொண்டு, நிஜாம் மருத்துவ நிலையத்தில் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகக் கால்தாங்கிகளை இழுத்து நடந்த குழந்தைகளுக்கு, சுமார் 300 கிராம் எடையுள்ள கால்தாங்கிகள் கிடைக்கச் செய்ததை நாம் அறிவோம். எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே உடைய கார்பன், வலிமையில் அதற்கு இளைத்ததன்று. ஆனால் அதற்கு ஒரு சுபாவம் உண்டு: அது வளைந்து எச்சரிப்பதில்லை. மேற்பூச்சு பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக் கூடும். எஃகு தானே சொன்னதைக் கார்பனிடம் நாம் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

அதைக் கேட்கும் முறையாவது: வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் ஃபோர்க்கின் இரு கால்களையும், அவை கூடும் தோள்பட்டையையும், அச்சு அமரும் நுனிகளையும் அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். ஒரு கோடு தென்பட்டால் நகத்தால் தடவி, அது வர்ணத்தில் விழுந்த கீறலா, அடியில் இறங்கும் வெடிப்பா என்று நோக்க வேண்டும். ஐயமிருந்தால் கோட்டின் இரு முனைகளிலும் அடையாளமிட்டு, அது வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். வளர்வது கண்டால் அந்த வண்டியில் ஏறவே கூடாது. பஞ்சை மெல்ல ஒற்றி நகர்த்தினால், அறுந்த இழை எங்கே இருக்கிறதோ அங்கே அது பஞ்சைப் பற்றி இழுக்கும். பின்பு ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே செல்ல வேண்டும். கெட்டியான இடத்தில் ஒலி கூர்மையாக எழும். அடுக்குப் பிரிந்த இடத்தில் மந்தமாக அமுங்கும். ஆனால் கனத்த இடமும் மெலிந்த இடமும் இயல்பாகவே வேறு வேறு ஒலி தருமாதலால், வலக்காலின் ஒலியை இடக்காலில் அதே உயரத்தில் எழும் ஒலியோடு ஒப்பிட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எனினும், மிகக் கொடிய காயம் கண்ணுக்கும் நாணயத்துக்கும் எட்டாத இடத்தில், ஹேண்டிலைத் தண்டோடு பிணைக்கும் ஸ்டெம்மின் பிடிக்குள் மறைந்திருக்கும் தண்டிலும், கீழ்ப் பேரிங்கு அமரும் அடிப்பாகத்திலும் இருக்கக்கூடும். 2006ஆம் ஆண்டு பாரிஸ்-ரூபே பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்கேபி ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்டு முறிந்து விழுந்தார். அது கார்பன் அல்ல, அலுமினியம். அதே பந்தயத்தில் முன்னதாகவே அவர் ஒரு முறை விழுந்திருந்தார். கண்காணாத இடத்தில் தங்கிய அடி, எந்த உலோகத்தையும் எந்த இழையையும் மன்னிப்பதில்லை.

ஆகவேதான் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். ஆட்டம் தெரிந்தவுடன் தண்டின் உச்சியிலுள்ள மேல்மூடியின் போல்ட்டைத் திருகி அதை அடக்கிவிடுவது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. முதலில் ஸ்டெம்மின் பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடியை ஆட்டம் நீங்குமளவுக்கு மட்டும் இறுக்கி, பிறகு பக்கப் போல்ட்டுகளை உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டரை ஒட்டி, அளவுச் சாவியால் முறுக்குவதே முறை. மிகையாக இறுக்கும் கையே கார்பன் தண்டை நசுக்கிவிடும். இப்படி முறையாகச் சரிசெய்த பின்னும் ஆட்டமோ முனகல் ஒலியோ சில நாள்களில் திரும்பி வந்தால், மறுபடியும் திருகுவது அடையாளத்தை அழித்து நோயை வளர்ப்பதாகும். அப்போது ஃபோர்க்கை முழுவதும் கழற்றி, தண்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதே கடமை.

சோதனைகளில் குற்றம் தென்படவில்லை என்பதனாலேயே குற்றமில்லை என்று ஆகிவிடாது. பலமாக விழுந்த வண்டியின் கார்பன் ஃபோர்க்கில் ஐயம் தீராவிட்டால், அதை மாற்றிவிடுவதே உத்தமம். கழற்றியதையும் இரண்டாக அறுத்துவிட வேண்டும், வேறொருவர் கைக்குப் போய்ச் சேரக் கூடாது.

புதிய பேரிங்கு போட்டவருக்குப் பணம் தருகிறோம். அரை மணி நேரம் சிரத்தையோடு பரீட்சித்து, 'மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை' என்று சொன்னவருக்குக் கூலி தர நம் கை தயங்குகிறது. அந்தத் தயக்கம் இருக்கும்வரை, மெக்கானிக் பொருளை விற்பாரேயன்றித் தம் ஞானத்தை நமக்குத் தரமாட்டார். தட்டிப் பார்க்கும் விரலுக்கும், கேட்டு அறியும் செவிக்கும், தீர விசாரித்துச் சொல்லும் வாய்க்கும் உரிய ஊதியத்தை மனமுவந்து கொடுங்கள். அவ்வாறு கொடுக்கும் ஊரில்தான் இந்தக் கலை வளரும். அதை நம்பி நம் பிள்ளைகளும் அச்சமின்றிச் சைக்கிளில் ஏறலாம்.