இடந்தலை



இந்த இலக்கிய வரிசையில் எனக்கு முன் பேசியவர்கள் கவிதை பற்றியும் சிறுகதை பற்றியும் பேசினார்கள். நான் ஒரு கடதாசிக் கூம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்த நேரத்தில் என் குரல் உங்கள் வீட்டுக்குள் வருவதும் அப்படியொரு கூம்பு முன்னும் பின்னும் அசைவதால்தான். ஆகவே விடயம் இடம் மாறி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

நான் அமிர்தகழியைச் சேர்ந்தவன். நெடுங்காலம் விஞ்ஞானம் படிப்பித்தேன். மாலை வேளைகளில் பின் விறாந்தையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு பழுதான வானொலிகளையும் ஸ்பீக்கர்களையும் திருத்துவது என் பழக்கம். மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் நெருங்கினால் மேசையில் இடமிராது. ஆனால் கோயிலடியில் மரத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியில் எனக்கு அவ்வளவு பிரியமில்லை. அது தூரத்துக்குக் கத்தும். அடிச்சுருதி அதில் வராது. என் பிரியம் எல்லாம் வூபர் எனப்படும் பெரிய கூம்பில்தான்.

அதன் உள்ளமைப்பு மிக எளிது. காந்தத்தின் நடுவே மிக ஒடுங்கிய ஒரு வட்ட இடைவெளி. அந்த இடைவெளியில் எதிலும் முட்டாமல் தொங்குகிற ஒரு செப்புக் கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய கடதாசிக் கூம்பு. மின்னோட்டம் சுருளில் ஏறி இறங்கக் கூம்பு அசைகிறது. கூம்பு அசையக் காற்று அசைகிறது. அமெரிக்காவில் ரைஸ், கெலொக் என்ற இரு பொறியியலாளர் 1925 ஆம் ஆண்டில் இதற்குத் தந்த வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. நம்மவர்களுக்கு இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? நிலாக் காலத்தில் வாவியின் நடுவே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்டவர்கள் நாங்கள். அசைகிற பொருள் ஒன்று அகப்பட்டால் சத்தம் அதில் ஏறி வந்துவிடும்.

கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையத்தில்தான் வினை இருக்கிறது. பல பெட்டிகளில் அது மெல்லிய பஞ்சு போன்ற ஃபோமால் ஆனது. ஈரக்காற்று அந்தப் பொருளை உள்ளிருந்து அரிக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் விரலால் தொட்டால் பழைய கேக்கைப் போல உதிரும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற எங்கள் ஊரில் அதற்கு என்ன ஆயுள் இருக்கப்போகிறது!

2014 ஆம் ஆண்டு, தீர்த்தம் முடிந்த கையோடு, பக்கத்து வளவு மாமி ஒரு பெட்டியைப் பேரனின் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்தா. அவவுடைய கணவர் அண்ணாவியார். மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு களரியில் நின்றால் விடியும்வரை கை ஓயாதவர். 1984 இல் ஒரு வடமோடிக் கூத்தின் அரங்கேற்றத்தை, வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் ஒருவர் கசெற்றில் பதிவு செய்திருந்தார். அந்தப் பெட்டியும் அவர் கொண்டுவந்ததுதான். இரண்டு வருடத்தில் அண்ணாவியார் காலமானார். 1990 இல் ஊரே இடம்பெயர்ந்தபோது மாமி பால்மா ரின்னுக்குள் போட்டு எடுத்துச் சென்ற பொருட்களில் அந்தக் கசெற்றும் ஒன்று. பெட்டி பரணில் கிடந்து தப்பியது. திரும்பி வந்த பின் சில காலம் கேட்டிருக்கிறா; பிறகு நிறுத்திவிட்டா.

“பழுதா மாமி?” என்று கேட்டேன்.

“சத்தம் இருக்கு மனே. அடி இல்ல. வலந்தலை கேட்குது, இடந்தலை கேட்குதில்ல.”

எந்த மீற்றரும் இதைவிடத் துல்லியமாகச் சொல்லியிராது. பாட்டும் சல்லரியும் வலந்தலையின் கூர்மையும் சிறிய ஸ்பீக்கரால் வந்துகொண்டிருந்தன. இடந்தலையின் கனத்த முழக்கத்தைத் தர வேண்டிய எட்டு அங்குல வூபரின் வளையம் முழுதாக உதிர்ந்திருந்தது.

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். சுருளை அளந்தேன், ஆறரை ஓம் காட்டியது. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியான அளவு. ஒன்றரை வோல்ட் பற்றரியைத் தொட்டேன், கூம்பு துள்ளியது. உயிர் இருந்தது என்று அர்த்தம். வளையத்தை மட்டும் மாற்றியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருடம் காத்துவைத்த மனுசிக்கு எல்லாம் புதிதாகச் செய்து கொடுப்போமே என்ற ஆசை. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து புதிய கூம்பு, சுருள், சுருளைத் தாங்கும் நெளிதுணி எல்லாம் தருவித்தேன். பழையதைத் தின்னர் தடவி இளக்கிக் கழற்றினேன். வெட்டி எறியாமல் முழுதாகக் கழற்றியது என் கெட்டித்தனமல்ல, கஞ்சத்தனம்.

வேலை நன்றாகவே அமைந்தது. மாமியைக் கூப்பிட்டுக் கசெற்றைப் போட்டேன். முழக்கம் விறாந்தையை நிறைத்தது. கொஞ்ச நேரம் கேட்டா.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவர்ட கை இல்ல.”

எனக்குக் கோபம் வந்தது உண்மை. கசெற் அதே கசெற். கை எப்படி மாறும்? இரவு படுத்திருந்து யோசித்தபோதுதான் கோபம் ஆறியது. புதிய கூம்பு தடித்தது, தாங்குதுணி இறுகியது. இலகுவான பழைய கூம்பு அடித்த பின்னும் சற்றுத் தளும்பும். இது ‘டப்’ என்று நின்றுவிடுகிறது. எனது கணக்கில் புதியதுதான் களரியில் கேட்ட சத்தத்துக்குக் கிட்டியதாக இருக்கலாம். ஆனால் அண்ணாவியார் போன பிறகு மாமி அவரைக் கேட்டது களரியில் அல்ல, இந்தப் பெட்டியில்தான். அந்தத் தளும்பலும் சேர்ந்ததுதான் அவவுக்கு அவருடைய கை. இதை ஓர் ஆசிரியனாக விளக்கிச் சொல்லலாமா என்று நினைத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை.

அப்பொழுது விபுலாநந்த அடிகளின் நினைவு வந்தது. காரைதீவில் பிறந்து, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்று, கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். நம் வாவியின் பாடும் மீனை ‘நீரர மகளிர்’ என்று பாடலாக்கியவர். 1947 இல் வெளிவந்த ‘யாழ் நூல்’, வழக்கொழிந்த வாத்தியங்களைச் சிலப்பதிகாரத்தின் துணைகொண்டு கணக்கால் மீட்டுக் காட்டிய பெருமுயற்சி. அவர் மீட்ட யாழைக் கேட்டு, ‘இது மாதவியின் கை இல்லை’ என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. எனக்கோ அடுத்த வளவிலேயே ஆள் இருந்தா. யாருடைய வேலை எளிது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

பழைய கூம்பை எடுத்தேன். உதிர்ந்த ஃபோமின் பிசினை ஸ்பிரிற்றால் துடைத்தேன். காந்த இடைவெளியில் ஒட்டுத்தாளை விட்டு இரும்புத்துகளை எடுத்தேன். நடு மூடியை வெட்டி, பழைய புகைப்பட நெகற்றிவ்வை மெல்லிய கீற்றுகளாக நறுக்கிச் சுருளுக்கும் நடு இரும்புக்கும் இடையே சுற்றிவரச் செருகினேன். சுருள் நடுவில் நிற்பதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. வளையத்தை முதலில் கூம்பிலும், அது காய்ந்த பின் சட்டத்திலும் ஒட்டி, ஓர் இரவு விட்டுவிட்டுக் கீற்றுகளை உருவினேன். விரல்களால் மெல்ல அழுத்தினால் உரசல் இருக்கக் கூடாது. முதல் தடவை ஒரு பக்கத்தில் கரகரத்தது. பசையை இளக்கி மறுபடியும் செய்தேன். இரப்பர் வளையம் போட்டால் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அது பாரம், கூம்பின் போக்கை மாற்றிவிடும். அதனால் உதிரும் என்று தெரிந்தே ஃபோமைப் போட்டேன்.

“எவ்வளவு காலத்துக்கு மனே?”

“பத்து, பதினைஞ்சு வருசம் மாமி.”

“எனக்குப் போதும்.”

பின்னேரம். மின்விசிறியை நிறுத்தச் சொன்னா. கசெற் ஓடியது. காப்பு விருத்தம் முடிந்து மத்தளம் எழுந்தது. மாமியின் இடது கை மடியில் தானாகத் தட்டத் தொடங்கியது. நான் பேசவில்லை. வரவுத் தாளத்தின் நடுவில் ஓரிடத்தில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். சோதித்துப் பார்க்கையில் ஏழெட்டுத் தடவை அதைக் கேட்டிருக்கிறேன். ஏதோ சாமான் விழுந்தது என்றே நினைத்திருந்தேன். மாமி கையை நிறுத்தினா.

“இருமுறார்” என்றா. “அண்டைக்கு அவருக்குக் காய்ச்சல் மனே. போகாதீங்க எண்டு நான் சொன்ன.”

பிறகு கசெற்றின் மற்றப் பக்கத்தையும் கிறுக்கிப் போடச் சொன்னா.