மறைந்தும் மறையாதோர்

ஊரிலே ஒருவர் இறந்தால் அயலவர் கூடுவர், பறை ஒலிக்கும், எட்டுச் செலவும் அந்தியேட்டியும் முறையே நடைபெறும். துயரை ஆற்றுதற்கு முன்னோர் வகுத்த நெறி அது. ஆனால், ஒரு நாளேனும் நேரிற் கண்டறியாத பாடகர் ஒருவர் மறைந்தார் என்று வானொலி அறிவிக்கும்போது, அடுப்படியில் நிற்கும் தாயொருத்தியின் கண் கலங்குகின்றதே, அத்துயருக்கு முறை யாது? இறந்தவர் அவளுக்கு உறவினருமல்லர், ஊரவருமல்லர். ஆகவே அது போலித் துயரமெனச் சிலர் எள்ளுவதுண்டு. அவ்வெள்ளல் பொருந்துமா என ஆராய்தல் தகும்.

கிளிநொச்சி மாவட்டத்திலே, இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர் வட்டக்கச்சி. 1990களில் இவ்வூரிலும் வன்னியின் ஏனைய ஊர்களிலும் மின்சாரம் இல்லை. போர்க்காலத் தடையினால் மின்கலமும் கிடைப்பதரிது. அக்காலத்து மக்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலி கேட்டனர். ஒருவர் சுற்றப் பலர் கேட்பர். சுற்றுபவரின் கை தளர்ந்தாற் பாட்டும் தளரும்; வேறொருவர் வந்து கைமாற்றுவார். செய்தி கேட்கத் தொடங்கிய அக்கூட்டம், செய்தி முடிந்த பின்னரும் ஒரு பாடலுக்காகக் காத்திருப்பதுண்டு. தம் உடல் உழைப்பை விலையாகக் கொடுத்துக் கேட்ட அக்குரலுக்கு உரியவர் மறைந்தபோது அம்மக்கள் வருந்தினராயின், அதனைப் போலியென்று கூறுதல் எங்ஙனம்? ஒருவருடைய கலை மற்றொருவருடைய வாழ்வில் வேலை செய்திருக்குமாயின், அங்கே உறவு உண்டு.

அவ்வாறு கேட்கப்பெற்ற குரல்களுள் முதன்மையானது எஸ். பி. பாலசுப்பிரமணியத்தினுடையது. 1946ஆம் ஆண்டு பிறந்த அவர், பொறியியல் மாணவராயிருந்த காலத்தில், 1966இல் தெலுங்குத் திரைப்படமொன்றிற் பாடத் தொடங்கினார். 1969இல் தமிழ்ப் படங்களில் அவர் குரல் ஒலித்தது. 'அடிமைப்பெண்' படத்துக்குப் பாட வேண்டியிருந்த வேளையில் அவர் காய்ச்சலில் விழ, அவர் குணமடையும்வரை எம். ஜி. ஆர். காத்திருந்து பாட வைத்ததை அவரே பல மேடைகளில் நன்றியோடு கூறியுள்ளார். கருநாடக இசையை முறைப்படி பயிலாத அவர், கருநாடக இசையையே கருப்பொருளாகக் கொண்ட 'சங்கராபரணம்' படத்துக்குப் பாடித் தேசிய விருது பெற்றார். இயற்கை தந்த குரல் ஒரு பங்கு. அறியாததைக் கேட்டுப் பயின்று தமதாக்கிக்கொண்ட உழைப்பு மறுபங்கு. ஆறு முறை தேசிய விருது பெற்ற அப்பெருமகன், 2020 செப்டெம்பர் 25ஆம் நாள் தம் 74ஆவது வயதிற் சென்னையில் மறைந்தார். கொரோனா நோய்த்தொற்றால் உலகம் கதவடைத்திருந்த காலம் அது. ஆதலின் அவரை நேசித்தோருட் பெரும்பாலோர் தத்தம் வீடுகளிலிருந்தே விடைகொடுத்தனர்.

வேலூரிற் பிறந்து பன்மொழிகளிற் பாடிய வாணி ஜெயராம் 2023 பெப்ரவரி 4ஆம் நாள் காலமானார். அதற்குப் பத்து நாட்களுக்கு முன்னரே பத்மபூஷண் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடியவர், அவ்விருதைக் கையில் வாங்குதற்கு இருக்கவில்லை. 'பாரதி' படத்திற் பாடித் தேசிய விருது பெற்ற பவதாரிணி, 2024 ஜனவரி 25ஆம் நாள் கொழும்பிலே தம் 47ஆவது வயதில் உயிர் நீத்தார். மதிப்புச் செய்ய நினைப்போர் காலந்தாழ்த்தலாகாது என்பதை இவ்விரு மறைவுகளும் உணர்த்துகின்றன.

பாடகர் மறைந்தாலும் பாட்டு இருக்கின்றது. பொத்தானை அழுத்தினால் மீண்டும் கேட்கலாம். விளையாட்டு வீரர் நிலை அத்தகையதன்று. ஒரு கணத்தில் நிகழ்ந்து முடியும் அவருடைய செயல், பெரும்பாலும் ஓர் எண்ணாக மட்டுமே எஞ்சும். அத்தகைய எண்களுள் ஒன்று 2.03 மீற்றர். அதற்குரியவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்.

1934ஆம் ஆண்டு பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற எதிர்வீரசிங்கம், 17 வயதில், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்தலில் இலங்கையின் சார்பிற் பங்குபற்றினார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். இரண்டிலும் பதக்கம் கிட்டவில்லை. ஆயினும் அவர் பயிற்சியைக் கைவிட்டாரல்லர். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அதுவே. 1962இல் ஜக்கார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார்.

அந்த டோக்கியோ விழா 1958 மே 24ஆம் நாள் தொடங்கி யூன் 1ஆம் நாள் நிறைவுற்றது. அதே நாட்களிலேதான் இலங்கையில் இனக்கலவரம் மூண்டு, தமிழர் பலர் உயிரும் உடைமையும் இழந்தனர். நாட்டிலே தம் இனத்தவர் அல்லலுற்றுக்கொண்டிருந்த வேளையில், அந்நாட்டின் கொடியை ஆசியாவின் முன்னே உயர ஏற்றச் செய்தார் ஒரு தமிழ் இளைஞர். வரலாறு இவ்விரண்டையும் ஒரே கிழமையில் எழுதி வைத்திருக்கின்றது. பிற்காலத்தில் பல நாடுகளிற் கல்விப் பணி புரிந்த எதிர்வீரசிங்கம், 2024 ஏப்பிரலில் தம் 89ஆவது வயதிற் காலமானார். திரைப்பாடகர் மறைவுக்குக் கலங்கிய ஊர்களில், அச்செய்தியறிந்து கலங்கியோர் எத்தனை பேர்?

அவர் காலத்தில் உயரம் பாய்வோர் மணலிலோ மரத்தூளிலோ வந்து விழுந்தனர். ஆதலால், காலாலோ கையாலோ ஊன்றித் தம்மைக் காத்துக்கொள்ளும் வகையிலேயே பாய வேண்டியிருந்தது. தடித்த மெத்தைகள் வந்த பின்னரே, முதுகைக் கீழாக்கித் தலை முன்செல்லப் பாயும் முறை இயல்வதாயிற்று. அம்முறையை உலகறியச் செய்தவர் அமெரிக்கரான டிக் பொஸ்பரி. 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 2.24 மீற்றர் தாண்டித் தங்கம் வென்ற அவரும் 2023 மார்ச் 12ஆம் நாள் மறைந்தார். இன்று உலகப் போட்டிகளிற் பாய்வோரெல்லாம் அவர் வழியினரே. ஆனால், மெத்தையில்லாப் பாடசாலையிலே, மணற்குழியில் அம்முறையைப் பயிலும் பிள்ளை தன் கழுத்தையே பணயம் வைக்கின்றது. எனவே அங்கே கால்களைக் கத்தரிபோல் மாற்றித் தாண்டும் பழைய முறையே தகும். வீரரை நினைவுகூர்வோர் மாலையோடு அமையாது, ஒரு பாடசாலைக்கு ஒரு மெத்தை வாங்கிக் கொடுப்பாராயின், அந்நினைவில் ஒரு பிள்ளை அச்சமின்றி விழும்.

நேயர்களே, பாடகருக்கு ஒலிப்பதிவு உண்டு. வீரருக்கு எண்ணேனும் உண்டு. இவ்விரண்டும் இல்லாதோரும் உளர். விடிய விடியக் காத்தவராயன் கூத்தும் கோவலன் கூத்தும் ஆடி வன்னி மக்களை மகிழ்வித்த அண்ணாவிமாரையும் கூத்தரையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுட் பலருடைய பாட்டு எந்த நாடாவிலும் இல்லை. இருந்த ஏடுகளும் படங்களும் 2009ஆம் ஆண்டுவரை நேர்ந்த இடப்பெயர்வுகளிற் பெரும்பாலும் அழிந்தன. தறப்பாளும் ஒரு பானையும் தூக்கிக்கொண்டு ஓடியவர், கூத்துக் கொப்பியைத் தூக்கவில்லை என்று குறைகூற ஒருவருக்கும் உரிமையில்லை. ஆனால் அப்பாட்டுக்களை மனத்திற் கொண்ட முதியோர் சிலர் இன்னும் திண்ணைகளில் இருக்கின்றனர். அவர்களும் போய்விட்டால், அழுவதற்குக் கூட அடுத்த தலைமுறைக்குக் காரணம் தெரியாது.

இன்று ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் ஒலியைப் பதிவுசெய்யும் கைத்தொலைபேசி இருக்கின்றது. பேரப்பிள்ளை ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிப் பாட்டனாரின் அருகிருந்து, "பாடுங்கோ அப்பு" என்று கேட்டால் அதுவே போதும். பாடுபவரின் பெயரையும், அவர் ஆடிய பாத்திரத்தையும், பாடலைக் கற்பித்த அண்ணாவியாரின் பெயரையும் உடன் எழுதி, பிரதியொன்றைப் பாடசாலை நூலகத்தில் வைத்தல் வேண்டும்.

வீரருக்குச் செய்யத்தக்கது அதனினும் எளிது. தை, மாசி மாதங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்காகப் பாடசாலைகள் மைதானத்தைச் செப்பஞ்செய்கின்றன. சுண்ணாம்பாற் கோடு இழுக்கின்றன. அச்சுண்ணாம்பிற் சிறிது எடுத்து, பாடசாலைச் சுவரில் நிலத்திலிருந்து 2.03 மீற்றர் உயரத்தில் ஒரு கோடு வரைந்து, அதன் அருகே எதிர்வீரசிங்கம், 1958 என்று எழுதினாற் சாலும். அது ஆறடி எட்டங்குலம். ஆசிரியரின் தலைக்கும் மேலே நிற்கும். அதன் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் சிறுவன், இவ்வுயரத்தை ஒருவர் தாண்டினாரா என்று கேட்பான். அவர் யாவர் என்றும் கேட்பான். அதற்கு விடை சொல்ல ஊரில் ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.