வருகிற வாரம் வானம் என்ன சொல்லுது?

(கூட்டமைப்பின் சித்திரை மாதக் கூட்டத்தில், நிர்வாகக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

மாதாமாதம் இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை, தணிக்கை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வானிலை பற்றிப் பேசப் போகிறோம். "மழையும் வெயிலும் நம்ம கையிலா இருக்கு, இதைப் பேசி என்ன ஆகப் போகுது?" என்று சிலர் நினைக்கலாம். போன வருஷம் இதே சித்திரையில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அதனால் என்ன ஆச்சு என்று முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம்ம குழு ஒன்றில் ஒரு அக்கா 30 ஆயிரம் கடன் வாங்கி 5 ஆடு வாங்கினாங்க. இரண்டு தவணை ஒழுங்காகக் கட்டினாங்க. ஒருநாள் காலையில் ரேடியோவில், "உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை" என்று சொன்னார்கள். எங்களில் இரண்டு பேர் அதைக் காதால் கேட்டோம். கேட்டுவிட்டு அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். சாயங்காலம் நாலு மணிக்கு மேகம் கறுத்தது. அக்கா ஆடுகளைப் புளியமரத்தடியில் கட்டிவிட்டு, தழைக்கட்டை எடுத்துவர வரப்பு ஓரம் போனாங்க. அந்த நேரத்தில் மின்னல் மரத்தில் இறங்கியது. 5 ஆடும் போச்சு. அக்கா பிழைத்தது பெரிய விஷயம்.

அதோடு முடியவில்லை. அடுத்த மாதம் தவணை வரவில்லை என்று குழுவில் அபராதம் போட்டோம். அதை இன்றைக்கு நினைத்தால் எங்களுக்கே வெட்கமாக இருக்குது. பிறகு கூடிப் பேசி, அபராதத்தை எடுத்து, தவணைக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தோம். ஆனால் காலையில் கேட்ட ஒரு வரிச் செய்தியை வாய்விட்டுச் சொல்லியிருந்தால், ஆடு கொட்டகையில் நின்றிருக்கும். அதனால்தான் இந்தப் பேச்சு.

சித்திரைக் கடைசியும் வைகாசித் தொடக்கமும் எப்படிப்பட்ட காலம்? மே 4 ஒட்டி அக்னி நட்சத்திரம் தொடங்கி, மே 28 ஒட்டி முடியும். காலையில் இருந்து வெயில் கொளுத்தும். தரை சூடாகிக் காற்று மேலே எழும்பும். கடல் பக்கமிருந்து ஈரக் காற்று உள்ளே வரும். இரண்டும் சேர்ந்தால், அடுப்பில் பால் பொங்குற மாதிரி மேகம் திரண்டு உயரமாக எழும்பும். அதனால்தான் கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல், இடியும் காற்றுமாக வருது. ஒரு ஊரில் கொட்டும், பக்கத்து ஊரில் தூசி கூட அடங்காது.

இனி, வாரத்துக்கான செய்தியை எப்படிப் புரிந்துகொள்வது? நாலு விஷயம் தெரிந்தால் போதும்.

முதலாவது, இடம். "ஓரிரு இடங்களில்" என்றால் நூற்றுக்கு 25 இடம் வரைக்கும்தான் மழை. "ஒரு சில இடங்களில்" என்றால் 26 முதல் 50. "அநேக இடங்களில்" என்றால் 51 முதல் 75. "பெரும்பாலான இடங்களில்" என்றால் அதற்கும் மேல். நமக்குத்தான் நூற்றுக்கு இரண்டு வட்டிக் கணக்கே தெரியுமே, இது தெரியாதா? "ரேடியோவில் சொன்னான், நம்ம ஊரில் பெய்யலை, பொய்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்தக் காலில் ஒரு பங்கில் நம்ம ஊர் இல்லை, அவ்வளவுதான். நாளைக்கு இருக்கலாம்.

இரண்டாவது, அளவு. ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் என்றால் கனமழை. 12 முதல் 20 என்றால் மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை.

மூன்றாவது, நிறம். மஞ்சள் என்றால் கவனமாகப் பார்த்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே பாதுகாப்பு வேலையில் இறங்கு.

நான்காவது, வெப்பம். "இயல்பை விட 2 முதல் 3 டிகிரி அதிகம்" என்பார்கள். அந்த அளவு நிழலில் வைத்த வெப்பமானியில் எடுப்பது. களத்து மேட்டில் நிற்கும் நம்ம உடம்புக்கு அதைவிடச் சூடு. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பை விட நாலரை டிகிரி கூடினால் அது வெப்ப அலை. வங்கக் கடலில் புயல் உருவானால் மழை வரும் என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் மே மாதப் புயல் வடக்கே போனால், ஈரத்தை இழுத்துக்கொண்டு போய் நமக்கு வறண்ட மேல்காற்றையும் கூடுதல் வெயிலையும் விட்டுவிடுவதும் உண்டு. அதையும் கவனிக்கணும்.

வாரம் முழுவதற்கும் சொல்வதில் முதல் இரண்டு மூன்று நாளுக்கானது கூடுதல் நம்பிக்கையானது. அதனால் ஒருநாள் கேட்டு விட்டுவிடக் கூடாது, தினமும் கேட்கணும். இடி மழைக்கு அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கையும் மாவட்டவாரியாக வருது. விவசாயத்துக்கென்று செவ்வாயும் வெள்ளியும் தனி அறிக்கை உண்டு. செல்போன் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் "மேக்தூத்", மின்னலுக்கு "தாமினி" என்ற செயலிகளைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

சரி, கேட்டபின் என்ன செய்வது?

வெயில் நாளில் மதியம் 12 முதல் 3 வரை வெளி வேலை வேண்டாம். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர், மோர், கூழ், உப்பு சர்க்கரைக் கரைசல் குடிக்கணும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். கழிப்பறை இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம்ம பெண்களுக்கே உள்ள கெட்ட பழக்கம். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது மயக்கம் இல்லை, உயிருக்கு ஆபத்து. நிழலில் கிடத்தி, ஈரத் துணி போட்டு, விசிறி, 108-க்குக் கூப்பிடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இடி நாளில் எள்ளுக் கட்டையும் கடலையையும் மதியத்துக்குள் மூடிவையுங்கள். வடகம், வற்றலைச் சீக்கிரம் எடுங்கள். தார் போட்ட வாழைக்கு முட்டுக் கொடுங்கள். ஆடு மாடுகளைத் தனி மரத்தடியில் கட்டாதீர்கள். மின்னலைப் பார்த்து 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், உடனே கட்டடத்துக்குள் போகணும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. கால்நடை செத்துவிட்டால், புதைப்பதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லணும். அந்த அக்கா இது தெரியாமல் அன்று இரவே புதைத்துவிட்டாங்க. மனு கொடுக்கப் போனபோது காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

நல்ல மழை பெய்தால் அதையும் விடக் கூடாது. "கோடை உழவு கோடி நன்மை" என்று பெரியவங்க சும்மா சொல்லவில்லை. ஈரம் காய்வதற்குள் ஓர் உழவு ஓட்டினால், மண்ணில் இருக்கும் புழுவும் களையும் வெயிலில் சாகும், அடுத்த மழை நிலத்தில் இறங்கும்.

சகோதரிகளே, கடைசியாக ஒரு தீர்மானம் வைக்கிறோம். ஒவ்வொரு குழுவிலும் வாரம் ஒருவர் காலைச் செய்தியைக் கேட்டு, குழு வீட்டுக் கரும்பலகையில் நாலு வரி எழுதணும்: வெயில், மழை, காற்று, நிறம். எழுதத் தெரியாதவர் முறை வந்தால் அவர் கேட்டுச் சொல்லட்டும், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதட்டும். தனியாக இருக்கும் வயதானவங்க வீட்டுக்கும், கர்ப்பிணிகள் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லணும். அந்த அக்கா முதல் வாரம் தானே எழுதுறேன் என்று சொல்லியிருக்காங்க. இப்போது அவங்களிடம் இரண்டு ஆட்டுக்குட்டி இருக்கு.

வானத்தை நாம் மாற்ற முடியாது. கேட்டதைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல முடியும். சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்க.