கொடுக்கும் முறை

(ஊத்தங்கரையில் நடைபெற்ற அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இத்திருநாளின் வரலாறு இங்கு அமர்ந்திருக்கும் சிறுவர்க்கும் தெரியும். ஆறு திங்கள் நோன்பு முடித்து, ஆகாரம் ஏற்க எழுந்தருளினார் ஆதிபகவன். மக்களிடம் அன்புக்குக் குறைவில்லை, பொருளுக்கும் குறைவில்லை. யானை, குதிரை, பொன், மணி என்று கொண்டுவந்து அவர் முன் வைத்தார்கள். உணவை எவ்வாறு அளிப்பது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தினாபுரத்துச் சிரேயாம்சனுக்கு முற்பிறவி நினைவால் அம்முறை விளங்கிய பின்னரே கருப்பஞ்சாறு பகவானின் கைகளைச் சேர்ந்தது. மனமும் பொருளும் இருந்தும் முறை தெரியாமையால் பல திங்கள் கழிந்தன.

உணவு வங்கிகள் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையினர் பணித்தபோது எனக்கு இவ்வரலாறே முதலில் நினைவுக்கு வந்தது. துறவியர்க்கு அளிப்பது பாத்திர தானம். பசித்தோர்க்கு அளிப்பது கருணா தானம். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்ப வேண்டா. ஆயினும் முறை என்பது இரண்டிற்கும் உண்டு.

உணவு வங்கி என்ற ஏற்பாடு 1967இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் தோன்றியது. ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஓர் அன்னசாலையில் தொண்டு செய்துவந்தார். வீட்டுத் தோட்டங்களில் பறிப்பாரின்றிக் கிடந்த எலுமிச்சை, ஆரஞ்சுப் பழங்களைத் திரட்டிக் கொடுப்பதில் அவர் பணி தொடங்கியது. மிகுதி உள்ளவர் செலுத்த, தேவை உள்ளவர் எடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணமே செயின்ட் மேரி உணவு வங்கியாக உருப்பெற்றது. பெங்களூரா மாங்காயின் விலை வீழும் ஆண்டுகளில், பறிகூலிக்கும் கட்டாது என்று நம் மாவட்டத்துத் தோப்புகளில் காய்கள் மரத்தடியிலேயே கிடந்து அழுகுவதை அறிந்த நமக்கு அந்தப் பழக்கதை அயலானதன்று.

தமிழ்நாட்டில் இதற்குத் தேவை உண்டா என்று கேட்பார் உளர். நியாயமான கேள்விதான். 1982 முதல் சத்துணவு, 2011 முதல் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி, 2022 முதல் பள்ளிகளில் காலை உணவு என்று அரசு செய்துவரும் பணியின் அளவுக்கு எந்தத் தனியார் அறமும் ஈடாகாது. எனினும் அரிசி சோறாவதற்கு அடுப்பு வேண்டும், பாத்திரம் வேண்டும், சமைக்க உடலில் வலு வேண்டும். தனித்து வாழும் முதியவர், கல்குவாரிக்கும் கட்டட வேலைக்கும் வெளிமாநிலத்திலிருந்து வந்து ஒரு வாரமே ஆன தொழிலாளி, மருத்துவமனை வாயிலில் நோயாளிக்குத் துணையாகக் காத்திருப்பவர் ஆகியோரின் பசி எந்த அட்டையிலும் பதிவதில்லை.

கோவையில் 2014ஆம் ஆண்டு பத்மநாபன் கோபாலனும் நண்பர்களும் ‘நோ ஃபுட் வேஸ்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தால் தொண்டர் செல்வார். உணவின் தரத்தைப் பார்ப்பார். பசித்தோர் இருக்கும் இடத்துக்கு எடுத்துச் சென்று கொடுப்பார். பின்னர் இது மாநிலத்தின் பிற நகரங்களுக்கும் பரவியது. நான் இதில் மதிப்பது, பசி எங்கே உள்ளது என்பதை முன்னரே குறித்து வைத்திருக்கும் ஒழுங்கை. உணவைக் கையில் வைத்துக்கொண்டு பசித்தவரைத் தேடினால் தேடி முடிப்பதற்குள் உணவு கெட்டுவிடும்.

சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது. சூடாக வைப்பதானால் 60 பாகை செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மிகுதி உணவை மீட்டு வழங்குவதற்கென 2019இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறைகளையே வகுத்துள்ளது. உணவுக்குக் கால வரையறை உண்டு என்பதை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இங்கே நம்மவர்க்கு ஒரு வசதியும் உண்டு. பிற வரவேற்புகளில் பந்தி முடிய இரவு பதினொரு மணியாகும். அப்போது மிஞ்சிய உணவை யாரிடம் கொண்டுசெல்வது? பசித்தவர் பசியோடே உறங்கியிருப்பார். கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கமுடைய நம் வீட்டுத் திருமணங்களில் எவ்வளவு மிஞ்சும் என்பது மாலை ஆறு மணிக்கே தெரிந்துவிடும். ஒரு வண்டி மட்டும் இருந்தால் அது பிறரின் இரவு உணவு வேளைக்குச் சரியாகச் சென்று சேரும். (வண்டி வருகிறதே என்று அண்டாவைக் கூட்டிச் சமைப்பதற்கு இது அனுமதி ஆகாது. அடுப்பு எரியும்போதே உயிர்க்கொலை நிகழ்கிறது என்பதை மறவாதவர் நாம்.)

இனி ஊத்தங்கரைக்கு வருகிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை இவ்வூரில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வாகனங்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட காட்சியை நாடே பார்த்தது. அதற்கு முந்தைய நாள் மயிலமும் அதே அளவு மழையில் மூழ்கியது. திருவண்ணாமலையில் மண் சரிந்தது. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்பது ஒரே நெடுஞ்சாலை. நம் உறவினர் ஊர்கள் பலவும் அதன் இருபுறமும் உள்ளன. அந்நாளில் சாலை முழுவதும் ஒருங்கே இடருற்றது. ஓர் ஊர் மற்றோர் ஊருக்கு உதவ இயலவில்லை. சென்னையிலும் கோவையிலும் எத்துணைப் பெரிய கிடங்கு இருந்தாலும் அத்தகைய முதல் இரண்டு நாள்களுக்குப் பயன்படாது. மாநிலம் தழுவிய வலையமைப்பு என்றால் அதன் முடிச்சுகள் இத்தகைய சிற்றூர்களிலும் இருத்தல் வேண்டும்.

முடிச்சுக்கு என்ன வேண்டும்? அரிசி என்பீர்கள். அரிசி கிடைக்கும். திருநாள் வந்தால் மூட்டை மூட்டையாக வரும். பணமாகக் கேட்டால், அதுவும் வண்டி வாடகைக்கும் டீசலுக்கும் கிடங்கு வாடகைக்கும் கணக்கெழுதுபவரின் சம்பளத்துக்கும் என்று கேட்டால், கைகள் தயங்குகின்றன. டீசலின்மேல் உபயதாரர் பெயரை எழுத முடியாதல்லவா!

மூட்டைகள் ஒரே நாளில் குவிந்தால் என்ன ஆகும் என்பது இல்லத்தரசியர்க்குத் தெரியும். மழைக்காலத்தில் அரிசியில் வண்டு பிடிக்கும், பருப்பில் புழு நெளியும். அதை வெயிலில் கொட்டினாலும் மருந்து வைத்தாலும் உயிர்கள் மடியும். பிறர்க்கு இது வெறும் நட்டம். நமக்கு நட்டத்தோடு இம்சையும் சேர்கிறது. கணக்கிற்காகச் சொல்கிறேன்: நூறு குடும்பங்கள் மாதம் 300 ரூபாய் அளித்தால் மாதம் 30,000, ஆண்டுக்கு 3,60,000. இதே தொகைக்கு ஒரே நாளில் அரிசி வாங்கிக் குவிப்பதைவிட, அந்தந்த மாதத் தேவைக்கு வாங்கி, எஞ்சியதை வண்டிக்கும் ஆளுக்கும் செலவிடுவதே பசியைச் சென்றடையும் முறை. வருமான வரிச் சட்டத்திலும் பொருளாகக் கொடுத்ததற்குக் கழிவு கிடையாது. ரொக்கமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ஏற்கப்படாது. ஆதலால் வங்கி வழியாக அளிப்பதே நன்று.

நிறுவனங்களின் உதவியை நாடலாமே என்று இளைஞர்கள் கேட்கின்றனர். நாடத்தான் வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அப்பணிகளின் பட்டியலில் முதல் வரியே பசி ஒழிப்புத்தான். தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. ஓசூரிலும் பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் ஆலைகள் நிறைந்த மாவட்டம் இது. ஆனால் அப்பணம் ஆண்டுத் திட்டமாக வரும். மார்ச்சு முடிவில் நின்றுபோகவும் கூடும். குளிர்பதனப் பெட்டி, எடைக்கருவி, வண்டி போன்ற ஒருமுறைச் செலவுகளுக்கு அது பொருந்தும். ஓட்டுநரின் மாதச் சம்பளத்தை அதை நம்பி வைக்கலாகாது. அதற்குக் குடும்பங்களின் சிறு தொகையே உறுதியானது.

அறக்கட்டளையினர்க்கு என் விண்ணப்பம் இது. ஊத்தங்கரையில் ஒரு சிறு கிடங்கும் ஒரு வண்டியும் என்று தொடங்குங்கள். எவர் வீட்டில் முதியவர் தனித்துள்ளார், எந்தக் கொட்டகையில் புதிய தொழிலாளர் தங்கியுள்ளனர் என்ற பட்டியலை முதல் மூன்று மாதங்களில் இளைஞர்கள் நடந்து சென்று எழுதட்டும். அவர்கள் எம்மதத்தினர் என்ற பத்தி அந்தப் பட்டியலில் வேண்டா. உணவின் வரவு செலவோடு டீசலின் வரவு செலவையும் அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுங்கள். பெயர் பதிவதற்கான ஏடு வாயிலருகே உள்ளது. மாதத் தொகையை எழுதுவோர் மண்டபத்தை விட்டுச் செல்லுமுன் அதில் கையொப்பமிடுமாறு வேண்டுகிறேன்.