பாரிஸில் ஒரு மணி நேரம்



என் மனைவி காலமான பிறகு எனக்குப் பிரயாணத்தில் நாட்டமே இல்லாமல் போயிற்று. "பி.எஸ்ஸி.யில் படம் போட்டுப் படித்த ஃபூக்கோ ஊசலை நேரில் பார்க்க வேண்டாமா?" என்று என்னைப் பாரிஸுக்கு இழுத்துக்கொண்டு போனவர் என் வகுப்புத் தோழர். "இந்த வயதில் தனியாகவா?" என்று பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் கவலைப்பட்டார்கள்.

பாந்தியோன் மண்டபத்தில் 67 மீட்டர் கம்பியில் ஒரு குண்டு ஆடுகிறது. பூமி சுழல்வதை 1851-ல் ஃபூக்கோ ஊரறியக் காட்டிய இடம். அங்கே ஊசல் ஆடும் திசை மணிக்குச் சுமார் 11 டிகிரி திரும்பும். ஒரு மணி நேரம் நின்று சரிபார்த்தோம்! டூர் கோஷ்டியோடு போயிருந்தால் பத்து நிமிஷம்கூட நிற்க விட்டிருக்க மாட்டார்கள்.

கீழ்த்தளத்தில், 1995-ல் கொண்டுவந்து சேர்க்கப்பட்ட கியூரி தம்பதியின் சமாதி. கணவனும் மனைவியும் ஒரே அறையில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோழர் ஒன்றும் கேட்கவில்லை. நான் நகரும்வரை கூடவே நின்றார்.

ஊரைவிடத் துணை முக்கியம். ரசனையும் நடையின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். தனித்திருக்கும் மூத்த அங்கத்தினர்களே, அப்படி ஒருவரைத் தேடிக்கொண்டு கிளம்புங்கள். மாத்திரைகளையும் இன்ஷூரன்ஸையும் மறக்க வேண்டாம்.