ஊதியம் கணிக்கும் பணி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

நம் பிள்ளைகள் எந்த உத்தியோகத்திற்குப் படிக்கலாம் என்பது பற்றி, ஆளுக்கொரு துறையை எடுத்துப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். வைத்தியத்தையும் பொறியியலையும் கணிப்பொறியையும் பற்றிப் பேசக் கற்றறிந்தோர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். மெட்ரிகுலேஷன் அளவே படித்து, இரயில்வேயில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தராக இருந்துவரும் நமக்குத் தெரிந்தது ஒரே ஒரு துறைதான். சம்பளப் பட்டியல், சர்வீஸ் ரிஜிஸ்டர், விடுப்புக் கணக்கு என்று ஏடுகளோடு உறவாடும் துறை அது. முன்னாளில் எஸ்டாபிளிஷ்மெண்ட் என்றும் பர்சனல் என்றும் வழங்கினர். இந்நாளில் மனிதவளத் துறை என்கின்றனர். பெயர் எதுவாயினும், உழைத்தவனுக்கு உரியதைப் பிழையறக் கணித்துக் கொடுப்பதே அதன் உயிர்.

இதை நாம் எவ்வாறு அறிந்தோம் என்பதை முதலில் கூறிவிடுகின்றோம். எம் தந்தையார் இந்நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து, பணியில் இருக்கும்போதே காலமானார். சேமநல நிதியும் பணிக்கொடையும் வரவேண்டியிருந்தன. ஆனால் ஓர் ஏட்டில் அவர் பிறந்த ஆண்டு ஒன்றாகவும் மற்றோர் ஏட்டில் வேறொன்றாகவும் எழுதப்பட்டிருந்தது. எம் அன்னையார் பதினான்கு மாதங்கள் அந்த அலுவலகத்திற்கு நடந்தார். பித்தளைப் பாத்திரங்கள் அடகுக் கடைக்குச் சென்றன. எமது கல்லூரிப் படிப்பு தொடங்கும் முன்பே முடிந்தது. ஒருநாள், அங்குப் புதிதாக வந்த எழுத்தர் ஒருவர், அன்னையாரை நாற்காலியில் அமரச் செய்து, தந்தையாரின் பள்ளிச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, ஒரே ஒரு பக்கம் குறிப்பெழுதி மேலே அனுப்பினார். மூன்றாவது வாரம் பணம் வந்தது. பிழை செய்தவரும் எழுத்தர், திருத்தியவரும் எழுத்தர். இத்தொழிலின் பழியும் பெருமையும் அன்றே நமக்கு விளங்கிவிட்டன.

நிற்க. ஊதியம் என்பது எதைக் கொண்டு கணிக்கப்படுவது? முதலாளி மனமுவந்து அளிப்பதன்று. தொழிலாளி வாய்க்கு வந்தபடி கேட்பதுமன்று. 1957ஆம் ஆண்டில் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதற்கொரு வாய்பாடு வகுத்தது. உழைப்பவன், மனைவி, பிள்ளைகள் இருவர் ஆகிய நால்வரையும் மூன்று நுகர்வு அலகுகளாகக் கொண்டு, அலகொன்றுக்கு நாளைக்கு 2,700 கலோரி உணவு; குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி; குடியிருக்க வாடகை; இவற்றோடு எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு மொத்த ஊதியத்தில் நூற்றுக்கு 20 பங்கு என அது கணக்கிட்டது. பின்னர் 1991ஆம் ஆண்டில், சென்னையில் தொழிற்சாலை கொண்டிருந்த ரெப்டகாஸ் பிரெட் நிறுவனத்துத் தொழிலாளர் வழக்கில், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமை, திருமணம் ஆகியவற்றையும் கருதி நூற்றுக்கு 25 பங்கு சேர்க்கவேண்டுமென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டு சனவரி முதல் மத்திய அரசு ஊழியர்க்கு வகுக்கப்பட்ட 18,000 ரூபாய்க் குறைந்தபட்ச ஊதியத்தைக் கணிக்க ஏழாவது ஊதியக் குழு எடுத்துக்கொண்ட அடிப்படையும் 1957ஆம் ஆண்டு வாய்பாடே. சம்பளப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் அரிசிப் பானை இருக்கின்றது என்று நாம் கூறுவது வெறும் அலங்காரமன்று.

இத்துறையில் தமிழர்க்குப் பழைய உரிமையும் உண்டு. 1947இல் அறிக்கை அளித்த முதல் ஊதியக் குழுவுக்கு நீதிபதி சீனிவாச வரதாச்சாரியாரும், 1997இல் அறிக்கை அளித்த ஐந்தாவது குழுவுக்கு நீதிபதி இரத்தினவேல் பாண்டியனும் தலைமை தாங்கினர். முன்னவர் காலத்துக் குறைந்தபட்ச ஊதியம் பஞ்சப்படி உட்பட 55 ரூபாய். பின்னவர் குழுவின் பயனாக அமைந்தது 2,550 ரூபாய்.

கணக்குத் தவறினால் என்ன விளையும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1923ஆம் ஆண்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. வேலையில் நேர்ந்த விபத்தால் தொழிலாளி இறந்தால், அவனுடைய மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய ஓர் எண்ணால் பெருக்கவேண்டும் என்பது பிற்காலத்தில் அதில் அமைந்த முறை. 40 வயதுக்கு அவ்வெண் 184.17, 45 வயதுக்கு 169.44. பதினாயிரம் ரூபாய் ஊதியத்தில் பாதி ஐயாயிரம். 40 வயதாயின் 9,20,850 ரூபாய். 45 வயதாயின் 8,47,200 ரூபாய். ஏட்டில் வயதை ஐந்து ஆண்டு கூட்டி எழுதிய ஒருவருடைய கைப்பிழை, ஒரு விதவைக்கு 73,650 ரூபாய் நட்டம்! இன்று கணிப்பொறி கூட்டிப் பெருக்கித் தருகின்றது, உண்மை. ஆயினும், நாம் ஊட்டிய பிறந்த தேதியைத்தானே அதுவும் நம்பும்?

கணக்குச் சரியாக இருந்தால் மட்டும் போதுமோ எனின், போதாது. ஒப்புமையும் வேண்டும். நம் ஆஸ்டின் டவுனிலும் நீலசந்திராவிலும் உள்ள முதியோர்க்கு 1980ஆம் ஆண்டின் இறுதி நினைவிருக்கும். எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். ஆகிய பொதுத்துறைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர் 77 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1981 மார்ச்சில் அது முடிந்தது. பி.எச்.இ.எல். தொழிலாளர் பெறும் ஊதியத்தோடு தங்கள் ஊதியமும் ஒத்திருக்கவேண்டும் என்பதே அவர்களுடைய முதற் கோரிக்கை. தன் கையில் வந்த தொகையை மட்டும் மனிதன் பார்ப்பதில்லை. தன்னை ஒத்த வேலை செய்வோன் கையில் வந்ததையும் பார்க்கின்றான். இவ்வேறுபாடு ஏன் என்று கேட்போர்க்கு நேர்மையான விடை கூறவும், விடை இல்லையாயின் வேறுபாட்டைக் களையுமாறு மேலிடத்துக்கு எழுதவும் வல்லவனே இத்துறையில் உயர்வான்.

இனி, இளைஞர்கள் எவ்வாறு புகலாம்? பட்டம் பெற்றபின் சமூகப்பணியோ தொழிலாளர் நிர்வாகமோ பயிலலாம். சென்னையில் 1952இல் தோன்றிய சமூகப்பணிப் பள்ளியும், பம்பாயில் 1936இல் தோன்றிய டாட்டா நிறுவனமும், ஜாம்ஷெட்பூரில் 1949இல் தோன்றிய சேவியர் நிறுவனமும் இதற்குப் பெயர்பெற்றவை. அவ்வளவு செலவிட இயலாதோர் எம்மைப்போல் எழுத்தராகப் புகுந்து, துறைத் தேர்வுகள் எழுதி, நல ஆய்வாளர் முதலிய பதவிகளுக்கு ஏறலாம். படி உயரந்தான், ஆயினும் ஏறக்கூடிய படியே.

எவ்வழியிற் புகுந்தாலும் சட்டம் படித்தல் ஒழியாது. 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி, அவற்றை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளனர். வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்ற படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஊதியமாகவே எண்ணவேண்டும் என்பது அவற்றுள் ஒரு விதி. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கிப் படிகளைப் பெரிதாக்கிக் காட்டும் பழைய வழக்கத்திற்கு இதனால் கடிவாளம் விழுந்துள்ளது. மூத்த எழுத்தரும் இளைய எழுத்தரும் இன்று ஒரே பாடத்தைப் புதிதாகப் படிக்கின்றனர். புதியவர் புகுவதற்கு இதைவிட நல்ல காலம் ஏது?

மற்றொரு தகுதி நம் காலனிப் பிள்ளைகளிடம் பிறவியிலேயே உள்ளது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் தெலுங்கும் உருதுவும், பள்ளியில் ஆங்கிலம் என வளர்கின்றனர். "என் சம்பளத்தில் ஏன் பிடித்தீர்கள்?" என்று ஒரு தொழிலாளி தயங்கித் தயங்கிக் கேட்கும்போது, அவன் மொழியிலேயே விடை சொல்லும் வாயை எந்தக் கல்லூரியும் விற்பதில்லை. நமக்கு வாழ்வளித்த இம்மண்ணின் மொழியாகிய கன்னடத்தை எழுதவும் படிக்கவும் பிழையறக் கற்பது நம் பிள்ளைகளின் கடமையும் ஆகும், மூலதனமும் ஆகும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். இன்றிரவு வீடு சென்றதும், குடும்பத்தில் உழைப்பவருடைய காகிதங்களை எடுத்துப் பாருங்கள். ஆதார் அட்டையிலும், சேமநல நிதிக் கணக்கிலும், பள்ளிச் சான்றிதழிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக உள்ளனவா? வாரிசின் பெயர் பதியப்பட்டுள்ளதா? மாறுபாடு இருப்பின், அவர் நலமாக இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் நாம் சங்கக் கட்டடத்தில் ஒரு மேசையிட்டு அமர்ந்திருப்போம். யாவரும் வரலாம், நாற்காலியும் போட்டிருக்கும். எம் அன்னையார் நடந்த பதினான்கு மாதங்களை இக்காலனியில் இன்னொரு தாய் நடக்கக்கூடாது. அந்த மேசைக்குத் துணையாக இளைஞர் இருவர் வந்து அமர்ந்தால், இத்துறையின் முதற் பாடத்தை அங்கேயே கற்றுக்கொள்வர்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!