சேர்விலக்கமும் சப்பாத்தும்



எங்கள் வகுப்பின் சார்பில் பேச வந்திருக்கிறோம். உயர்தரத்தில் இந்தச் 'சார்பு' என்ற சொல்லே எங்களைக் கலங்கடித்தது.

கணித ரீச்சர் சேர்வு இடாப்பைத் தூக்கிக் காட்டினார். "பிறந்தநாளைச் சொன்னால் இரண்டு பிள்ளைகள் எழும்புவீர்கள். சேர்விலக்கத்தைச் சொன்னால் ஒருத்திதான் எழும்புவாள்." அதுதான் ஒன்றுக்கொன்றான சார்பு, அதற்குத்தான் நேர்மாறு உண்டு. வர்க்கித்து 9 வந்தால், போனது 3ஆ, மறை 3ஆ என்று சொல்லமுடியாது.

சேர்த்திச் சார்பின் நேர்மாறில் எல்லோரும் பிழைவிட்டோம். ரீச்சர் ஏசவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் காலுறையைக் கழற்றச் சொன்னார்! 3ஐ இரட்டித்து 5ஐக் கூட்டினால் 11. திரும்பி வர முதலில் 5ஐக் கழித்து, பிறகே பாதியாக்க வேண்டும். முதலில் பாதியாக்கிய எங்களுக்கு வந்த விடை அரை.

பத்தின் அடுக்குகள் ஒரே விடையை இருமுறை தருவதில்லை. ஆகவே அந்த அடுக்குக்குறிச் சார்புக்கு மடக்கை நேர்மாறாகிறது. 2இன் மடக்கை 0.3010, 4இன் மடக்கை 0.6021, கூட்டினால் 0.9031. அட்டவணையில் திரும்பித் தேடினால் 8. பெருக்கல் கூட்டலாகிவிட்டது! கிழிந்த அந்த அட்டவணையை மூன்று பேர் பகிர்ந்துகொண்டோம்.

பிறகு இடம்பெயர்ந்தோம், சான்றிதழ்கள் தொலைந்தன. வெளிநாட்டிலிருந்து எங்களில் ஒருத்தி விடுகைப் பத்திரம் கேட்டு எழுதினாள். கலியாணத்துக்குப் பின் பெயரும் மாறியிருந்தது. நினைவில் இருந்தது சேர்விலக்கம் மட்டுமே. நல்லகாலம், இடாப்புத் தப்பியிருந்தது. அந்த இலக்கத்துக்கு நேரே ஒரே ஒரு பெயர். பத்திரம் போய்ச் சேர்ந்தது.

இன்று முன்வரிசையில் இருக்கிறாள். கணிதத்தில் எங்களெல்லோரிலும் குறைந்த புள்ளி அவளுக்குத்தான்.